அங்குலத்துக்குப் பதினெட்டு டாலர்

கதவில் எழுதி ஒட்டியிருக்கிறேன்:
தோல் பாடம் செய்யப்படும். பாதிப் பணம் முன்னால்.
வளர்த்த நாய், பூனை எடுப்பதில்லை.
கரடி என்றால் முதலில் போன் செய்யவும்.

நவம்பர் கடைசியில் ஒரு சனிக்கிழமை
விஸ்கான்சின் வடக்கே இந்த முட்டுச்சந்தில்
டிரக்குகள் வரிசை கட்டும்.
ஆரஞ்சுச் சட்டைகள், ஆறிய காப்பி,
பின்பலகையில் நாக்கு வெளித்தள்ளிய மான்கள்.
யாரும் ‘கொன்றேன்’ என்பதில்லை.
‘கிடைத்தது’ என்பார்கள்,
சாலையோரம் கிடந்த கையுறையைச் சொல்வதுபோல.

நான் எழுதிக்கொள்வேன்:
கண்முனையிலிருந்து மூக்குநுனி ஏழரை.
கழுத்துச் சுற்று பத்தொன்பது.
உரித்து உப்பிட்டு அனுப்பிய தோல்
பதமாகித் திரும்ப எட்டு மாதம்.
உள்ளே நுரைப்பொம்மை, காதுக்குள் பிளாஸ்டிக்,
கண்கள் ஓஹையோவிலிருந்து ஜோடியாகத் தபாலில் வரும்.
இமையைக் களிமண்ணில் அழுத்தும்போது மட்டும்
ரேடியோவை நிறுத்திவிடுவேன்.
மயிரிழை தவறினால் போதும்,
மான் ஆச்சரியப்பட்டதுபோல் ஆகிவிடும்.
ஆச்சரியப்பட
அதற்கு நேரமே இருந்திருக்காது.

சுவரில் வாங்காமல் விட்டவை.
விவாகரத்தில் யாருக்கும் பங்காகாத எல்க் தலை.
ஒரு மர வாத்து,
கொடுத்தவன் அலாஸ்காவில் இருப்பதாகக் கேள்வி.

மீனுக்குப் பாடம் வேறு.
இப்போதெல்லாம் பிடித்து, படமெடுத்து, விட்டுவிடுகிறார்கள்.
நீளம் சொன்னால்
கண்ணாடியிழையில் வார்த்துக் கொடுப்பேன்.
ஒரு செதில்கூட அந்த மீனுடையதில்லை.
அங்குலத்துக்குப் பதினெட்டு டாலர்.

ஆர்லின் ட்வெயிட் செப்டம்பரில் வந்தான்,
கூரை வேலைக்காரன், தார் வாசனையோடு.
கெட்டில் ஏரியில் மஸ்கி மீன்.
‘ஐம்பது’ என்றான்,
என்னைப் பார்க்காமல், சுவரிலிருந்த வாத்தைப் பார்த்து.
படத்தில் மீனின் தாடையோரம் அவன் கட்டைவிரல்,
சுத்தியல் பட்டு நகம் கறுத்தது.
மேசைமேல் பணம் எண்ணி வைக்கையில்
அந்த விரலைக் கண்ணாலேயே அளந்துகொண்டேன்.
இரவு படத்தில் பென்சிலால் கோடிட்டுக் கணக்குப் பார்த்தேன்.
நாற்பத்துநான்கு.
தாராளமாக விட்டால் நாற்பத்துநாலரை.

ஆறு அங்குலப் பொய்
நூற்றெட்டு டாலர்.
அதற்கும் சேர்த்துத்தானே முன்பணம்.
ஐம்பதாகவே வார்த்தேன்.
முதுகில் பாசிப்பச்சை, விலாவில் பழுப்பு வரி,
துடுப்பின் செங்கல் நிறம்
மூன்றாம் பூச்சில்தான் பிடிபட்டது.

பிப்ரவரியில்
லூதரன் சபைக் கூரையில் பனி தள்ளப் போனவன்
தள்ளிய பனியோடே வந்துவிட்டான்.

ஏப்ரலில் மகள் வந்தாள், மார்ஜெட்.
மீதிப் பணம் உறையில்,
எல்லாம் ஐந்து டாலர்த் தாள்.
மீனை இரண்டு கையிலும் வாங்கி
‘இவ்வளவு லேசாகவா இருக்கும்?’ என்றாள்.
பிறகு அதன் தாடையோரம்
விரல் வைத்து எதையோ தேடினாள்.
அங்கே நான் அடித்த வார்னிஷ்.

அட்டையில் செருகியிருந்த படத்தை எடுத்து நீட்டினேன்.
மீனை அவள் பார்க்கவே இல்லை.
‘இந்த நகம் எங்கள் கூரை வேய்ந்தபோது.
நான்தான் ஆணி பிடித்திருந்தேன்.’
கொஞ்சம் கழித்து,
‘இந்தப் பென்சில் கோடு?’
‘அளவு பார்த்தேன்.’
‘எவ்வளவு வந்தது?’

உறைபெட்டி உறுமி அடங்கியது.
‘ஐம்பது’ என்றேன்,
வாத்தைப் பார்த்து.

நல்ல ஏரியாக இருந்து
யார் தூண்டிலும் சீண்டாமலிருந்தால்
மஸ்கி வருஷத்துக்கு ஓர் அங்குலம் போடும் என்பார்கள்.
அவள் வண்டி திரும்பும்வரை
விரல்விட்டு எண்ணிக்கொண்டிருந்தேன்.
மதியம் ஒருவன் காட்டு வான்கோழியோடு வந்தான்.
வால் விரித்தா, மடக்கியா என்று கேட்டேன்.